'கன் ஹா'வா, 'குன்னெ ஹா'வா? ஆங்கிலத்தின் 'காரணமாக இருந்திருக்கலாம்' நோர்வேஜியத்துக்குப் போகும்போது

ஒஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டு நிலவறையில் போன பனிக்காலம் தண்ணீர் புகுந்துவிட்டது. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் சுவர் ஊறி, பெட்டியில் கட்டி வைத்திருந்த சேலைகள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போயின. பார்க்க வந்த குழாய்க்காரர் போலந்து நாட்டவர். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: குழாய் மூட்டில் இருந்த விரிசலால் கசிவு ஏற்பட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் 'குட் ஹேவ் பீன் காஸ்ட் பை' என்று இருந்தது. காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்ப நான்தான் அதை மொழிபெயர்த்தேன். 'குட்' இருந்த இடத்தில் 'குன்னெ', 'ஹேவ்' இருந்த இடத்தில் 'ஹா', 'பீன்' இருந்த இடத்தில் 'வார்ட்', கடைசியில் 'ஃபொரோர்ஷாக்கெட் ஆவ்'. சொல்லுக்குச் சொல் பொருந்தி வந்தது. அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். நல்ல தன்மையாகத்தான் கேட்டார்: "மூட்டில் விரிசல் இருந்தால் அப்படி ஒரு கசிவு வந்திருக்கும், ஆனால் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?"

நான் அப்படி எழுதவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்ப வாசித்தபோது விளங்கியது. நோர்வேஜியக் காதுக்கு நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியால் அக்காவின் கோப்பு இரண்டு கிழமை கிடப்பில் கிடந்தது.

இங்கே நம் ஆட்கள் பலர் பெற்றோருக்காகவோ தெரிந்தவர்களுக்காகவோ இப்படி ஏதாவது மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வைத்தியர் குறிப்பு, விபத்து அறிக்கை, காப்புறுதிக் கடிதம் என்று எதை எடுத்தாலும் 'இதனால் நடந்திருக்கலாம்' என்ற வரி வராமல் இருக்காது. ஆங்கிலத்தில் அதற்கு 'மே ஹேவ்', 'மைட் ஹேவ்', 'குட் ஹேவ்' என்று மூன்று வடிவம். நோர்வேஜியத்தில் அதை எழுத ஆறேழு வழி உண்டு. எதை எப்போது எடுப்பது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் முடிவெடுக்க வேண்டியது

ஆங்கிலத்தின் 'குட் ஹேவ்' இரண்டு வேலை செய்கிறது. ஒன்று ஐயம்: என்ன நடந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, இது காரணமாக இருக்கலாம். மற்றது நடக்காத ஒன்று: நடந்திருக்க வாய்ப்பு இருந்தது, ஆனால் நடக்கவில்லை. 'மைட் ஹேவ்' என்பதும் அப்படியே இரண்டு பக்கமும் சாயும். 'மே ஹேவ்' மட்டும் பெரும்பாலும் ஐயத்தோடு நின்றுவிடுகிறது.

நோர்வேஜியம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஐயம் என்றால் 'கன் ஹா', அதாவது துணைவினை நிகழ்காலத்தில். நடக்காதது என்றால் 'குன்னெ ஹா', துணைவினை இறந்தகாலத்தில். 'குட்' என்றதும் 'குன்னெ' என்று கை போவது இயல்புதான். 'கன்' என்ற வினையின் இறந்தகாலம் 'குன்னெ' என்று வகுப்பில் முதல் மாதமே படித்துவிடுகிறோம். ஆனால் காரணம் சொல்லும் வாக்கியத்தில் அந்தப் பழக்கமே காலை வாருகிறது.

இதில் தமிழ் நமக்கு உதவுமா? பாதி உதவும். தமிழின் '-இருக்கலாம்' ஆங்கிலத்தைப் போலவே இரண்டு வேலை செய்கிறது. 'அவர் நேற்று வந்திருக்கலாம்' என்றால் ஐயம். 'நீ நேற்று வந்திருக்கலாம்' என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது வரவில்லை என்ற மனக்குறை. வடிவம் ஒன்றுதான். ஆனால் தமிழ் பேசுகிறவர் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை, ஏனென்றால் நம்மிடம் இரண்டு சின்னச் சொத்து உண்டு: முன்னால் வரும் 'ஒருவேளை', பின்னால் ஒட்டும் 'ஏ'.

அதை வைத்து நான் ஒரு சோதனை செய்கிறேன். ஆங்கில வரியை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பது. 'ஒருவேளை விரிசலால் கசிந்திருக்கலாம்' என்று வந்தால் 'கன் ஹா'. 'முதலே பார்த்திருக்கலாமே' என்று 'ஏ' தானாக வந்து ஒட்டினால் 'குன்னெ ஹா'. அக்காவின் வரிக்கு இதைச் செய்திருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்திருக்காது.

ஒரே அறிக்கையில் இரண்டும் வரும்போது

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்ட அலெக்சாண்டர் கீலன் விபத்தைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. 1980 மார்ச் 27 மாலை, வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் தொழிலாளர் தங்கியிருந்த அந்த மிதக்கும் மேடை கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். நோர்வேயின் விசாரணைக் குழு 1981இல் அறிக்கை கொடுத்தது. டி-6 என்று குறிக்கப்பட்ட தாங்குகுழாய் உலோகக் களைப்பால் (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு உலோகம் பலவீனமாவது) முறிந்தது, அந்த முறிவு நீரடி ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தச் செய்த சின்ன ஒட்டிணைப்பிலிருந்து தொடங்கியது என்பது அதன் முடிவு. விரிசலின் உள்ளே வண்ணப்பூச்சு இருந்தது. அதாவது மேடைக்குப் பூச்சு அடிக்கும் முன்பே, அது கட்டப்பட்ட காலத்திலேயே, விரிசலின் ஒரு பகுதி இருந்திருக்கிறது. வெடிவிபத்துதான் காரணமாக இருக்கலாம் என்ற எதிர்வாதமும் எழுந்தது.

இப்போது ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் நினைத்துப் பாருங்கள். இரண்டும் நானே அமைத்தவை. ஒன்று: முறிவு ஒரு வெடிவிபத்தால் ஏற்பட்டிருக்கலாம். மற்றது: விரிசலை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுமே 'குட் ஹேவ் பீன்'. முதலாவது வெடிவிபத்துக் கட்சியின் ஐயம், அதனால் 'கன் ஹா'. இரண்டாவது, கண்டுபிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த துயரம். அது 'குன்னெ ஹா ப்ளிட் ஒப்டாகெட்'.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? முதலாவதில் 'குன்னெ ஹா' போட்டால், வெடிவிபத்து நடக்கவில்லை என்று வெடிவிபத்துக் கட்சியே ஒத்துக்கொண்டதாகிவிடும். இரண்டாவதில் 'கன் ஹா' போட்டால், யாரோ விரிசலைக் கண்டுபிடித்தும் சொல்லாமல் விட்டார்களோ என்ற ஐயம் கிளம்பும். 123 பேர் இறந்த ஒரு விபத்தில் அது ஒரு குற்றச்சாட்டு. மொழிபெயர்ப்பாளர் ஒரு சின்னத் துணைவினையைக் கவனிக்காமல் விட்டதற்கு அவ்வளவு பெரிய விலை இருக்கக் கூடாது.

இலக்கணத்தில் இன்னொரு அடையாளமும் இருக்கிறது. 'குன்னெ ஹா' என்பதிலிருந்து 'ஹா'வை எடுத்துவிட்டு 'குன்னெ வார்ட்' என்று எழுதலாம். பேச்சில் அடிக்கடி அப்படித்தான் வரும். தவிர்த்திருக்கலாம் என்பதை 'குன்னெ வார்ட் உன்கோட்' என்பார்கள். 'கன் ஹா' என்பதில் அப்படி எடுக்க முடியாது, 'கன் வார்ட்' என்று ஒன்று கிடையாது. எழுதிய வரியில் 'ஹா' இல்லாமலும் ஓசை சரியாக இருக்கிறது என்றால், நீங்கள் நடக்காத பக்கம் போய்விட்டீர்கள் என்று எச்சரிக்கை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. 'காவல்துறை அப்போது இப்படி நினைத்தது' என்று முதன்மை வினை இறந்தகாலத்தில் இருந்தால், அதற்குள் வரும் ஐயமும் இறந்தகாலத்துக்கு இழுபடும். தீ வைக்கப்பட்டிருக்கலாம் என்று காவல்துறை கருதியது என்றால் உள்ளே 'குன்னெ ஹா வார்ட் போசட்' என்று வருவது சரியே. அங்கே அது ஐயம்தான். முதன்மை வினையைப் பார்க்காமல் உள்வாக்கியத்தை மட்டும் திருத்தப் போகக் கூடாது.

நான் முதலில் எடுக்கும் வழி: 'கன் ஷில்டெஸ்'

சரி, ஐயம் என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் 'கன் ஹா வார்ட் ஃபொரோர்ஷாக்கெட் ஆவ்' என்று எழுதிவிடலாமா? எழுதலாம், பிழை இல்லை. ஆனால் நோர்வேஜியர் எழுதியதுபோல் இருக்காது.

அவர்கள் கைக்கு முதலில் வருவது 'ஷில்டெஸ்' என்ற வினை. 'இதனால் ஆனது' என்று பொருள். வீடு எரிந்த மறுநாள் செய்தியில் 'ப்ரன்னென் கன் ஷில்டெஸ் என் எலெக்ட்ரிஸ்க் ஃபெய்ல்' என்பது போலத்தான் வரி வரும்: தீக்கு மின்கோளாறு காரணமாக இருக்கலாம். நன்றாகப் பாருங்கள், இந்த வரியில் இறந்தகாலமே இல்லை. தீ நேற்று எரிந்து முடிந்தது. ஆனால் தீக்கும் காரணத்துக்கும் உள்ள உறவு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நிகழ்காலம்.

இதைக் கவனித்த அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தமிழ்ப் பத்திரிகையும் இதையேதான் செய்கிறது! 'தீ விபத்துக்கு மின்கசிவு காரணமாக இருக்கலாம்' என்றுதான் எழுதுவோம். 'மின்கசிவால் ஏற்படுத்தப்பட்டிருந்திருக்கலாம்' என்று யாரும் எழுதுவதில்லை. நமக்கு இயல்பாக வருவதும் நோர்வேஜியருக்கு இயல்பாக வருவதும் ஒரே கட்டு, இடையில் ஆங்கிலம் மட்டும்தான் 'ஹேவ் பீன்' என்று கனமாக நிற்கிறது. ஆங்கிலத்திலிருந்து நேரே தாவாமல் தமிழ் வழியாகச் சுற்றிப் போனால் இங்கே பாதை குறுகுகிறது.

ஆக, காரணம் இன்னும் திறந்திருக்கும் விஷயமாக இருந்தால் என் தேர்வு 'கன் ஷில்டெஸ்'தான். காப்புறுதி, காவல்துறை, வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் பொருந்தும். எதிர்ப்பக்கம் சொல்லக்கூடியது ஒன்று: நிகழ்ச்சி மிகப் பழையது, அந்தக் காலத்துச் சூழலைப் பற்றியே பேசுகிறோம் என்றால் இறந்தகாலம் கொஞ்சம் தெரிய வேண்டும். அப்போது 'கன் ஹா ஷில்ட்டெஸ்' என்று போகலாம். இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் வாயில் சற்று முரடாக வரும், அதனால் பலர் சுற்றிப் போவார்கள்: காரணம் இதுவாக இருந்திருக்கலாம் என்று பெயர்ச்சொல்லை முன்னே வைத்து 'ஓர்ஷாக்கென் கன் ஹா வார்ட்' என்று தொடங்குவார்கள். அதுவும் நல்ல வழி, படிக்க இலகு.

'ஃபொரோர்ஷாக்கெ' எதற்கு?

இந்தச் சொல்லை நான் எழுத்தில் மிகக் குறைவாகவே வைக்கிறேன். ஆங்கிலத்தின் 'காஸ்' என்பதற்கு அகராதியில் முதலில் நிற்பதால் எல்லோரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். அலுவலக நெடி உள்ள சொல். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளிலும் சட்ட வரியிலும் பொருந்தும். அக்காவின் நிலவறைக்கு வேண்டாம்.

அதைவிடப் பெரிய குறை, எல்லாக் காரணத்தையும் ஒரே அளவாக்கிவிடும். தூண்டிவிட்டது என்றால் 'கன் ஹா ஊட்லோஸ்ட்'. பல காரணங்களில் ஒன்றாகத் துணை போனது என்றால் 'கன் ஹா பிட்ராட் தில்'. இட்டுச் சென்றது என்றால் 'கன் ஹா ஃபோர்ட் தில்'. ஒஸ்லோவுக்கு வடக்கே யார்ட்ரும் பகுதியில் 2020 டிசம்பர் 30 அதிகாலை குழைகளிமண் (நிலைகுலைந்தால் திரவம்போல் ஓடும் களிமண்) சரிந்து பத்துப் பேர் இறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் வந்த நிபுணர் குழு அறிக்கை, டிஸ்டில் என்ற ஓடை ஆண்டுக்கணக்கில் கரையை அரித்ததையும், அந்த இலையுதிர்காலம் வழக்கத்தைவிட ஈரமாக இருந்ததையும் காட்டியது. ஓடையின் வேலையும் மழையின் வேலையும் ஒன்றல்ல. ஒன்று மெல்ல மெல்லச் சரிவைப் பலவீனமாக்கியது, மற்றது கடைசி நேரத்துச் சுமை. ஆங்கிலக் கட்டுரை இரண்டுக்கும் 'காஸ்' என்றே போட்டிருந்தாலும் மொழிபெயர்ப்பவர் விஷயத்தைப் பார்த்துப் பிரித்து எழுதலாம், நோர்வேஜியத்தில் அதற்கு வினைகள் தயாராக இருக்கின்றன. ஆங்கிலம் உண்மையிலேயே பிரிக்காமல் பொதுவாக விட்டிருந்தால் 'ஷில்டெஸ்' போதும், நாமாகக் கூட்டிச் சொல்லக் கூடாது.

'வார்ட்', 'ப்ளிட்'

ஆங்கிலத்தின் 'பீன்' என்ற ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு. நிலையைச் சொன்னால் 'வார்ட்', நிகழ்ச்சியைச் சொன்னால் 'ப்ளிட்'. ஒருவர் கொல்லப்பட்டிருக்கலாம் என்றால் 'கன் ஹா ப்ளிட் ட்ரெப்ட்'. அங்கே 'வார்ட்' போட்டால் காதில் இடறும். தீ வைக்கப்பட்டதாக இருக்கலாம் என்றால் வழக்கில் 'கன் ஹா வார்ட் போசட்', அது அந்தத் தீ எந்த வகை என்று சொல்வதால். 'பட்டிருக்கலாம்' என்று தமிழில் வந்தால் பெரும்பாலும் 'ப்ளிட்', 'ஆக இருக்கலாம்' என்று வந்தால் 'வார்ட்'. எல்லா இடத்திலும் இது ஒத்துவராது, ஆனால் தொடங்குகிறவருக்குப் போதும்.

'இல்லை' வரும்போது

என்னைக் கேட்டால், உயிரோடு விளையாடும் இடம் இதுதான். வைத்தியர் ஆங்கிலத்தில் 'மே நாட் ஹேவ் பீன் காஸ்ட் பை' என்று எழுதுகிறார். உடம்பில் தடிப்பு வந்ததற்கு அந்த மருந்து காரணமாக இல்லாமலும் இருக்கலாம் என்று பொருள். அதை 'கன் இக்கெ ஹா' என்று நேரே மாற்றினால், மருந்து காரணமாக இருக்கவே முடியாது என்று ஆகிவிடும். 'கன் இக்கெ' என்பது 'முடியாது'. ஆங்கிலத்தின் 'குட் நாட் ஹேவ்' வந்தால்தான் அது சரி.

தமிழில் இந்த இடம் தெளிவு. 'காரணமாக இருந்திருக்க முடியாது' என்பதும் 'காரணமாக இல்லாமல் இருந்திருக்கலாம்' என்பதும் யாருக்கும் ஒன்றாகக் கேட்காது. இரண்டாவதற்கு நோர்வேஜியத்தில் 'ஷில்ட்டெஸ் கன்ஷெ இக்கெ' என்று எழுதுங்கள், அல்லது 'உறுதியில்லை' என்று பொருள்படும் 'டெ ஆர் இக்கெ சிக்கெர்ட் அட்' என்று தொடங்குங்கள். ஒவ்வாமை பற்றிய குறிப்பில் இந்த வரி தலைகீழானால், ஒத்துக்கொள்ளாத மருந்தையே நோயாளிக்கு மறுபடி கொடுக்கும் நிலை வரும். நான் இந்த ஒரு வகை வரியை மட்டும் எப்போதும் இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுக்கிறேன்.

சொல்லை மாற்றி ஐயத்தின் அளவை மாற்றாதிருக்க

துணைவினையைத் தொடாமல் ஒரு சொல்லைச் செருகியும் ஐயத்தைக் காட்டலாம். 'கன்ஷெ', 'மூலியென்ஸ்' இரண்டும் நம் 'ஒருவேளை'. 'கன்ஷெ' என்ற சொல்லே 'நடக்கக்கூடும்' என்ற இரண்டு சொல் ஒட்டிப் பிறந்ததுதான். இவை 'கன்' அளவிலேயே நிற்கும், எனவே 'கன் மூலியென்ஸ் ஹா' என்று இரண்டையும் அடுக்க வேண்டியதில்லை. 'த்ரூலி', 'சன்சின்லிவிஸ்' இரண்டும் 'பெரும்பாலும்'. ஆங்கிலம் 'மே' என்று நிறுத்தியதை 'த்ரூலி' என்று எழுதினால் நீங்கள் நிபுணருக்கு மேல் நிபுணராகிவிடுகிறீர்கள். 'மோ ஹா' அதையும் தாண்டி, 'இதுவாகத்தான் இருக்க வேண்டும்'.

'ஸ்கல் ஹா' தனி வகை. 'ஸ்கல்' என்றால் 'செய்ய வேண்டும், செய்யப்போகிறேன்' என்று படித்தவர்கள் இதைக் கண்டு திகைப்பார்கள். இங்கே அதன் பொருள் நம் 'ஆம்', அதாவது 'நடந்ததாம்'. யாரோ சொன்னார்கள், நான் பொறுப்பில்லை. ஆங்கிலம் 'சொல்லப்படுகிறது' என்று எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள். வெறும் 'மே ஹேவ்' என்பதற்கு இதைப் போட்டால், ஊர்பேர் தெரியாத ஒரு சாட்சியை நீங்களே கொண்டுவந்து நிறுத்தியதாகும்.

நோர்வேஜியத்தின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான நீநோர்ஸ்கில் எழுதுகிறவர்கள் 'ஃபொரோர்ஷாக்கெ' பக்கம் பெரும்பாலும் போவதே இல்லை. 'கன் ஸ்குல்தாஸ்ட்', 'கன் ஹா கொமெ ஆவ்' என்று இரண்டே முடிச்சில் காரியம் முடிகிறது. மேற்குக் கரையில் உள்ள நகராட்சிக்கு எழுதுகிறீர்கள் என்றால் அவர்கள் எந்த வடிவத்தில் எழுதுகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அக்காவின் கோப்புக்குத் திரும்புகிறேன். புதிதாக எழுதும் முன் அந்தக் குழாய்க்காரரை அழைத்து, விரிசல்தான் என்று எவ்வளவு நிச்சயம் என்று கேட்டேன். "மூட்டைக் கையால் தடவிப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. ஆனால் சுவரைத் திறக்கவில்லை" என்றார். சுவரைத் திறக்காதவரின் வாயில் 'த்ரூலி'யை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே இப்படி அனுப்பினேன்: 'லெக்காஷென் கன் ஷில்டெஸ் என் ஸ்ப்ரெக் இ ரோர்ஷோட்டென்'. கசிவுக்குக் குழாய் மூட்டில் உள்ள விரிசல் காரணமாக இருக்கலாம். அடுத்த கிழமையே சுவரைத் திறந்து பார்க்க அவர்கள் ஆள் அனுப்பினார்கள்.